வெற்றிலை வாயும் சாத்திய கதவும்

நீதிமன்றச் சமரசம் பற்றி இந்தியாவில் எந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாலும் சேலம் வந்து நிற்கும். 'சேலம் வழக்கறிஞர் சங்கம் எதிர் இந்திய ஒன்றியம்' என்ற வழக்கைத் தொடாமல் யாரும் அந்த அத்தியாயத்தை எழுத முடியாது. வேடிக்கை என்னவென்றால், சேலத்து வக்கீல்கள் சமரசம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றப் படியேறவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999லும் 2002லும் வந்த திருத்தங்களை எதிர்த்துத்தான் போனார்கள். வழக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்க அனுப்பும் 89ஆம் பிரிவு அந்தத் திருத்தங்களோடு வந்தது. 2002 அக்டோபரில் நீதிமன்றம் திருத்தங்கள் செல்லும் என்றது. அவற்றைச் செயல்படுத்த வழி சொல்ல நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு வரைந்த மாதிரி விதிகளை 2005 ஆகஸ்டுத் தீர்ப்பு நாடெங்கும் உள்ள உயர் நீதிமன்றங்களின் முன் வைத்தது. எதிர்க்கப் போனவர்களின் பெயரே சாசனத்தின் பெயராகிவிட்டது.

இதைத் தலைகீழாகத் திருப்பினாற்போல இன்னொரு கதையும் இதே மண்ணில் உண்டு. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபோது, அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தர்மபுரியில் வந்து அமர்ந்தவர் தாமஸ் மன்றோ. தர்மபுரி பிற்பாடு 1965 வரை சேலம் ஜில்லாவில் இருந்த ஊர். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வதில் மன்றோவுக்குப் பெரிய நம்பிக்கை. அவருடைய முயற்சியால் 1816இல் சென்னை மாகாணத்தில் கிராமப் பஞ்சாயத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்கும் ஒழுங்குவிதிகள் பிறந்தன. பிறந்தவை வளரவில்லை. பதிவேட்டில் ஏறிய பஞ்சாயத்தை மக்கள் அவ்வளவாக நாடவில்லை. ஏறாத பஞ்சாயத்து மரத்தடியில் கூடுவதும் நிற்கவில்லை. விரும்பியவர் வைத்த செடி பட்டுப்போக, வேண்டாம் என்றவர்கள் பெயரில் வைத்த செடி துளிர்த்தது. இப்படியொரு சமச்சீர் கைக்கு வந்தால் எந்தக் கட்டுரையாளரும் சும்மா விடமாட்டார்.

ஆகவே ஊர்க்கூட்டத்தையும் நீதிமன்றச் சமரச மையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எது நல்லது என்று தராசு பிடிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் கவனிப்போம்: இரண்டு இடங்களிலும் யார் பேசுகிறார், யார் வாய்மூடி இருக்கிறார், யார் கேட்கிறார்.

ஒரே தகராறு இரண்டு இடத்துக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டித்தடத் தகராறு. ராசிபுரம், நாமக்கல் பக்கத்து மேட்டுக்காடுகளில் இதைவிடப் பழகிய சண்டை வேறில்லை. தாத்தா காலத்தில் ஒரே காடு. அப்பா காலத்தில் பாகம் பிரிந்தது. உள்காட்டுக்காரர் தன் நிலத்துக்குப் போக முன்காட்டுப் பங்காளியின் வரப்போரம்தான் வழி. மாட்டு வண்டி போனவரை தடம் போதுமாக இருந்தது. டிராக்டர் வந்ததும் முணுமுணுப்பு வந்தது. போர் போட ரிக் வண்டி வர வேண்டும் என்றதும் தடத்தின் குறுக்கே வேலிமுள் விழுந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போய்வருகிறது. பங்காளியின் வரப்பைத் தாண்டுவதுதான் அதற்குப் பெரும்பாடு.

ஊர்க்கூட்டத்தில் பிராது சொல்ல எழுந்தவர் தொடங்கும் விதம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"நான் என்னங்க மாமா சொல்றது? உங்களுக்குத் தெரியாத சங்கதியா?"

கூட்டத்தை நடத்தும் ஊர்க்கவுண்டர் விடமாட்டார். "தெரிஞ்சா என்ன கண்ணு, நீ சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு."

மாவட்ட நீதிமன்ற வளாகத்துச் சமரச மையத்தில் மேசைமேல் வழக்குக் கட்டு இருக்கும். எதிரே உட்காருபவர் அதைக் கைகாட்டுவார். "எல்லாம் பிராதுலயே எழுதியிருக்குதுங்க மேடம். வக்கீலு கொடுத்திருக்காருங்க."

"படிச்சேங்க. இருந்தாலும் நீங்க ஒருக்காச் சொல்லுங்க."

தெரிந்த கதையை மறுபடி சொல்லச் சொல்வதுதான் இரண்டுக்கும் உள்ள எதிர்பாராத உறவு. ஊர்க்கவுண்டருக்குத் தடத்தின் அகலம் அத்துப்படி. பாகம் பிரித்த நாளில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவரே அவராக இருக்கலாம். மையத்தில் பேச்சை நடத்தும் சமரசருக்குப் புல எண், பத்திர எண், நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் அளந்து வந்த வரைபடம் எல்லாம் கட்டில் இருக்கின்றன. இருவருக்குமே தகவல் தேவையில்லை. தேவைப்படுவது பத்திரத்தில் ஏறாத ஒன்று. அது முதல் பேச்சில் வராது. முதல் பேச்சு வீட்டிலேயே ஒத்திகை பார்த்து வந்த பேச்சு: அளவு, ஆண்டு, யார் முதலில் முள்ளை வெட்டிப் போட்டது என்ற கணக்கு. அது தீர்ந்ததும் பேசியவர் எதிராளியின் பதிலுக்குக் காத்திருப்பார். பதில் உடனே வந்துவிட்டால் தடம் ஏழடியா பத்தடியா என்ற வழக்கு அப்படியே தொடரும். வராவிட்டால், நாலைந்து மூச்சு நேரம் யாரும் வாயைத் திறக்காவிட்டால், பேசியவரே மறுபடி பேசுவார். அப்போது குரல் மாறியிருக்கும். "எம் புள்ள சீருக்கு நேர்ல போய்க் கூப்பிட்டேனுங்க. எட்டிப் பாக்கல." வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அந்த நாலைந்து மூச்சு நேரத்தை உண்டாக்கித் தர ஊரில் ஒரு சாதனம் உண்டு. கூட்டத்தில் பெரியவர் வாயில் வெற்றிலை இருக்கும். சாறு ஊறிய வாயால் பதில் சொல்ல முடியாது. "ம்" என்பதோடு சரி. பேசியே ஆக வேண்டுமானால் எழுந்து, நாலடி நடந்து, துப்பிவிட்டு, சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார வேண்டும். அவர் திரும்பி வருவதற்குள் பாதிக் கோபம் வடிந்துவிடும், அல்லது அடக்கி வைத்த மீதிப் பேச்சு வெளியே வந்துவிடும். பெரியவர்கள் ருசிக்காகத்தான் வெற்றிலை போட்டார்கள் என்று சொல்லலாம். எனக்கென்னவோ அவர்களில் சிலருக்காவது இந்த உபயோகமும் தெரிந்திருக்கும் என்றே படுகிறது.

மையத்தில் வெற்றிலைக்கு இடமில்லை. அங்கே அந்த வேலையைச் செய்வது பயிற்சி. சமரசராக வருபவருக்கு 40 மணி நேரப் பயிற்சி உண்டு. வருகிறவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள், வாதாடிப் பிழைத்தவர்கள். எதிராளி மூச்சு வாங்கும் இடைவெளியில் நுழைந்துவிடுவதே அவர்கள் தொழில் கற்றுத்தந்த சாமர்த்தியம். அந்த இடைவெளியில் நுழையாமல் இருக்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் கடினமான பாதி. குறுக்கிடாதே, சொன்னதை உன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிபார், யார் பக்கம் நியாயம் என்று முகத்தில் காட்டாதே. ஊர்ப்பெரியவர் இவற்றில் முதலிரண்டையும் சொல்லிக்கொடுக்காமலே செய்வார். மூன்றாவது அவருக்கு வராது. முகத்தில் காட்டுவதையே அவர் ஒரு கருவியாக வைத்திருக்கிறார்.

தனியே அழைத்துப் பேசுவதும் இரண்டு இடத்திலும் உண்டு. ஊரில், பேச்சு முட்டி நிற்கும்போது, "சித்த இந்தப் பக்கம் வா கண்ணு" என்று தோளில் கைபோட்டுக் கோயில் பின்புறம் கூட்டிப் போவார்கள். திரும்பி வரும்போது ஒரு பக்கம் இரண்டடி இறங்கியிருக்கும். மையத்தில் இதன் பெயர் தனி அமர்வு. ஒருவரை வெளியே உட்கார வைத்துவிட்டு மற்றவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். நான்கு பேர் முன்னால் விட்டுக்கொடுப்பது தோல்வி. ஒருவர் முன்னால் விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. இந்த மனக்கணக்கைச் சட்டமும் ஊரும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன. ஆனால் கோயில் பின்புறம் கேட்டதில் எதை முன்புறம் கொண்டுவருவது என்பது பெரியவரின் இஷ்டம். தனி அமர்வில் கேட்டதில் எதையும், சொன்னவர் சம்மதிக்காமல், சமரசர் எதிராளியிடம் கொண்டுபோகக் கூடாது. ஒருவருடைய மௌனம் சாதுரியம், மற்றவருடையது கடமை.

வாக்கெடுப்பு இரண்டிலும் கிடையாது. ஊர்க்கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை, "என்னப்பா, எல்லாருக்கும் சம்மதந்தான?" என்று ஒரு கேள்வி, கொஞ்ச நேர அமைதி, அவ்வளவுதான். குவேக்கர் கிறித்தவர்களின் நிர்வாகக் கூட்டங்களும் இப்படித்தான். அங்கே எண்ணிக்கை பார்ப்பதில்லை; கூட்டத்தின் மனம் எங்கே வந்து நின்றது என்று அறிந்து எழுத்தர் எழுதி வாசிக்கிறார், பேச்சு சூடானால் எல்லாரும் சற்று மௌனமாக இருக்கக் கேட்டுக்கொள்கிறார். இங்கிலாந்தின் ஒரு சமயக் குழுவும் நம் வேப்பமரத்தடியும் ஒரே வழியில் வந்து சேர்ந்திருப்பது சந்தோஷமான ஆச்சரியம். அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதுவரை ஒற்றுமை. இனி, எதற்காகக் கேட்கிறார்கள் என்ற இடத்தில் இரண்டும் பிரிகின்றன.

ஊர்க்கூட்டம் கேட்பது உண்மையைக் கண்டுபிடிக்க. தப்பு யார்மேல் என்று தெரிந்தால்தான் அபராதம் போட முடியும். பேசிப் பேசியும் தெரியாமல் போனால் கடைசியில் கோயிலுக்குப் போகும். திருச்செங்கோட்டு மலைப்படியில் அறுபதாம்படி என்று ஓரிடம் இருக்கிறது; அங்கே நின்று சத்தியம் செய்து சொன்ன சொல்லோடு வழக்கு முடிந்தது என்று ஏற்றுக்கொண்ட மரபு இந்தச் சீமைக்கு உரியது. கற்பூரம் எரியும்வரை ஒருவரும் பேச மாட்டார்கள். இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர்கள் 1873ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தன் சமூகம் மதிக்கும் முறையில் எதிராளி சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று வழக்காடுபவர் சொல்லவும், அப்படிச் செய்த சத்தியத்தை நீதிமன்றம் முடிவான சான்றாக எடுத்துக்கொள்ளவும் அது வழி வைத்திருந்தது. 1969இல் வந்த புதிய சட்டம் அந்தக் கதவை அடைத்தது.

சமரச மையம் உண்மையைத் தேடுவதில்லை. கேட்பதற்கு இது விசித்திரமாக இருக்கும். முள்ளைப் போட்டது யார் என்று சமரசர் தீர்மானிக்கப் போவதில்லை. தீர்மானிக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. ஊர்க்கவுண்டர் மௌனமாக இருக்கும்போது எதிரில் இருப்பவர் மனத்தில் ஓடுவது 'என்ன சொல்லப் போகிறாரோ' என்ற பயம். அந்த மௌனத்தின் முடிவில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. சமரசர் மௌனமாக இருக்கும்போது அதன் முடிவில் ஒன்றுமே இல்லை. அதை நிரப்ப வேண்டியவர்கள் பங்காளிகள்தாம். சிலர் இதனாலேயே மையத்தை நம்புவதில்லை. "அந்தம்மா ஒண்ணுமே சொல்லலீங்க, நாங்களேதான் பேசிக்கிட்டோம்" என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். அதைவிட நல்ல சான்றிதழ் ஒரு சமரசருக்குக் கிடைக்காது.

கருணை எங்கிருந்து ஊறுகிறது என்பதும் வேறுபடுகிறது. ஊர்க்கவுண்டர் பிராதுக்காரருக்கு மாமனாகவோ சித்தப்பனாகவோ இருப்பார். அவர் பொறுமையாகக் கேட்பது உறவால். உறவால் வரும் இரக்கத்துக்கு ஆழம் அதிகம், எல்லையும் உண்டு. உறவு முடியும் இடத்தில் அதுவும் முடியும். சமரசர் இரு தரப்புக்கும் அந்நியராக இருக்க வேண்டும் என்பது விதி. வேண்டியவர் என்று தெரிந்தால் விலகிக்கொள்ள வேண்டும். அவருடைய இரக்கம் மேலோட்டமானது என்று ஊர்க்காரர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது எதிரே உட்காரும் யாருக்கும் ஒரே அளவில் கிடைக்கும்.

இந்த எல்லை எங்கே விழுகிறது என்று ஊரைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். கூட்டத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்தவர்கள் ஒரு சாதி. தரையில் உட்கார்ந்தவர்கள் இன்னொரு சாதி. சற்றுத் தள்ளி நின்றவர்கள் வேறொரு தெரு. தள்ளி நின்றவர்களும் மௌனமாகத்தான் இருந்தார்கள். பெரியவர் வாய் மூடியது கேட்பதற்காக. அவர்கள் வாய் மூடியது திறந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால். "எல்லாருக்கும் சம்மதந்தான?" என்ற கேள்விக்குப் பின்வரும் அமைதியில் இந்த இரண்டும் கலந்து கிடக்கும், வெளியிலிருந்து கேட்டால் பிரித்தறிய முடியாது. முன்னே சொன்ன கண்ணி இதுதான். ஊர் முழுக்கக் கூடிப் பேசியதாகச் சொல்லப்படும் கட்டுப்பாடுகளும் ஒதுக்கிவைப்புகளும் அபராதங்களும் இந்த அமைதியின் மேல்தான் எழுந்தன. 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் வடக்கின் காப் பஞ்சாயத்துகளோடு தமிழ்நாட்டுக் கட்டப்பஞ்சாயத்துகளையும் சேர்த்துச் சட்டவிரோதம் என்று சொன்னது. நல்ல ஊர்க்கூட்டம் வேறு, கட்டப்பஞ்சாயத்து வேறு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வேறுதான். ஆனால் இரண்டும் ஒரே மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தன. எது எப்போது எதுவாக மாறும் என்று தள்ளி நின்றவருக்குத்தான் தெரியும்.

பெண்களின் கதை இன்னும் நுணுக்கமானது. மகளுக்கும் மகனுக்கும் பரம்பரைச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது. நாடு முழுக்க அது வர 2005 ஆனது. சட்டம் வந்த பிறகும் பாகப்பிரிவினைப் பேச்சில் அக்கா தங்கை சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். "அம்மிணிக்குத்தான் சீர் செஞ்சாச்சே, அது ஒண்ணும் சொல்லாது" என்று அண்ணன் சொல்வான். அம்மிணியும் ஒன்றும் சொல்லாது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து விழும். அண்ணன் வீட்டு வாசல் மூடிவிடக் கூடாதே என்ற கவலையில் போட்ட கையெழுத்து அது என்று எழுதப் பத்திரத்தில் இடமில்லை.

சமரச மையம் இங்கே ஒரு படி மேலே நிற்கிறது என்றுதான் முதலில் தோன்றும். அதே அம்மிணியைத் தனி அமர்வில் உட்கார வைத்து, அண்ணனை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்க முடியும். அப்படிக் கேட்கப்படுவதே பலருக்கு வாழ்க்கையில் முதல் தடவை. ஆனால் சாத்திய கதவுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. உள்ளே பேசியது எதுவும் வெளியே வரக் கூடாது, வழக்கில் சான்றாகக் கூடாது. அதுதான் சமரசத்தின் உயிர். சமரசர் எழுதிக்கொண்ட குறிப்புகளைக்கூடக் கிழித்துப் போடுவார்கள். அதனாலேயே, உள்ளே ஒருவர் மெல்ல அழுத்தப்பட்டாரா, 'குடும்பம் நல்லா இருக்கணும்' என்ற இனிய குரலில் அம்மிணியின் பங்கு மறுபடி கரைந்ததா என்று யாரும் பார்க்க முடியாது. ஊர்க்கூட்டத்தில் பலம் உள்ளவன் செய்த அநியாயத்தை ஊரே பார்த்தது. தட்டிக் கேட்காவிட்டாலும், பார்த்தது. பிற்பாடு தேர்க்கடையிலும் டீக்கடையிலும் அது பேசப்பட்டது. மையத்தின் மௌனத்தில் அந்தச் சாட்சி இல்லை. பேசுகிறவருக்குப் பாதுகாப்பு அதிகம், பார்ப்பவர் யாரும் இல்லை. ஊரில் பார்ப்பவர் அதிகம், பேசுகிறவருக்குப் பாதுகாப்பு இல்லை. இதில் எதைத் தேர்வது என்று என்னைக் கேட்டால், தள்ளி நிற்க வைக்கப்பட்டவருக்குக் கதவு சாத்தியே இருக்கட்டும் என்பேன். சம பலமுள்ள இரண்டு பங்காளிகளின் தடத் தகராறுக்கு மரத்தடியே போதும்.

இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் வளர்ந்தவை என்றாலும் அண்மையில் நெருங்கி வருகின்றன. தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-அ பிரிவின்படி, 89ஆம் பிரிவின் கீழ் அனுப்பிச் சமரசம் ஆன வழக்குக்குக் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பாமல் தாங்களாகவே வெளியே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கு என்ன? சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கொன்றில் 2021இல் உச்ச நீதிமன்றம், அவர்களுக்கும் கிடைக்கும் என்றது. மேசையில் பேசினாலும் திண்ணையில் பேசினாலும் காசு ஒன்றுதான்.

2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. ஒரு பகுதியில் வாழ்பவர்களின் அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளுக்குச் சமுதாயச் சமரசம் என்று ஓர் அத்தியாயமே அதில் இருக்கிறது. மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்து பேசும். அதில் உள்ளூரில் மதிப்புப் பெற்றவர்கள் இருக்கலாம். இரு தரப்பும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். எட்டிய உடன்பாட்டை நீதிமன்ற ஆணைபோல நிறைவேற்றச் சொல்லிக் கேட்க முடியாது. மன்றோ ஆசைப்பட்ட பஞ்சாயத்து இருநூறு ஆண்டு கழித்துச் சட்டப் புத்தகத்துக்குள் மறுபடி வருகிறது. இந்தத் தடவை கையில் கோல் இல்லாமல். அபராதம் போட முடியாத, ஒதுக்கிவைக்க முடியாத மூன்று பெரியவர்களிடம் மிஞ்சுவது காது மட்டும்தான். குழுவில் பெண்களுக்கும் பிற பிரிவினருக்கும் இடம் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. ராசிபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் அப்படியொரு குழு அமைந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் தள்ளி நின்றவரும் அந்த மூன்று நாற்காலியில் ஒன்றில் உட்காருவார்களா என்பதைக் குழு அமைக்கும் அதிகாரிதான் தீர்மானிப்பார்.